தூதரகத்திலிருந்து வகுப்பறைக்கு: யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கும் ஒரு முன்னாள் இராஜதந்திரி

கொக்குவிலான் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெயரைப் போடமாட்டேன், அவர் அதை விரும்பமாட்டார். இலங்கை வெளிநாட்டுச் சேவையில் மூன்றாம் செயலாளராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, தூதுவராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழும்பிலேயே இருந்திருக்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகளோடு போய் இருந்திருக்கலாம். ஊருக்கு வந்து, பழைய மாணவர் சங்கம் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வகுப்பை எடுத்துக்கொண்டார்.

அவர் வருகிறார் என்றதும் ஜனாதிபதிமார், விருந்துகள், விமானப் பயணங்கள் என்று கதை கதையாக வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் தந்த முதல் வேலை வேறு. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனது எல்லோருக்கும் தெரியும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி மினுங்குகிற வேல்கள். எங்கள் அரசனுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. தமிழ்ப் பாடத்தில் இதற்கு விளக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள்தான் நாங்கள். சேர் சொன்னார்: "ஔவை திரும்பி வந்துவிட்டார். அதியமானுக்கு ஒரு பக்கத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். எழுதுங்கள்."

வகுப்பில் அத்தனை பேரும் அதியமானின் வீரத்தை எழுதினோம். அவர் வாசித்துவிட்டு, "அதியமான் வீரன் என்பது அதியமானுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் ஆள் அனுப்பவில்லை" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். தொண்டைமான் வாய் திறந்து என்ன சொன்னான்? ஏன் கொட்டிலைக் காட்டினான், மிரட்டவா, அல்லது உள்ளுக்குப் பயந்தா? அந்த வேல்கள் பழகாத வேல்கள் என்று எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்? தாளின் நடுவே கோடு போடச் சொன்னார். இடப்பக்கம் கண்டதும் கேட்டதும். வலப்பக்கம் நீ நினைப்பது. ஒரு பக்கத்துக்கு உரியது மற்றப் பக்கத்துக்குப் போகக் கூடாது. திரும்பத் திரும்ப எழுத வைத்தார். இடப்பக்கம் எங்களுக்கு நிரம்பவே இல்லை. வலப்பக்கம் வழிந்தது.

எனக்கு இன்றைக்கும் அந்தக் கோடுதான் அவர் தந்த படிப்பு. எங்கள் பிள்ளைகள் சொந்தக் கருத்தை மேடையில் முழங்குவார்கள். பட்டிமன்றத்தில் வெல்வார்கள். எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்னபடியே எழுதித் தா என்றால் தடுமாறுவார்கள். இதைத் தொழிலாகச் செய்தவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அவர்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

வட்டுக்கோட்டை ரீச்சர்:

வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் முப்பது வருசத்துக்கு மேல் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் சிலதைச் சொல்ல வேண்டும்.

வெளியுலகம் கண்டவர்கள் இங்கே வந்து படிப்பிப்பது புதிதில்லை. எங்கள் ஊரில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரி அதுக்கு ஒரு சாட்சி. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்தார்கள். அதுக்குக் காரணம் யாரோ பெரிய ஆள் வந்து இரண்டு நாள் பேசிவிட்டுப் போனதில்லை. கணிதம், வானியல், தர்க்கம், தமிழ் என்று வருசக்கணக்காக ஒழுங்காகப் படிப்பித்தார்கள்.

இன்றைய உயர்தரப் பிள்ளைக்கு இருப்பது நாற்பது நிமிசப் பாடவேளை. புள்ளித்திட்டம் என்று ஒன்று இருக்கிறது. விடைத்தாள் திருத்துபவர் தேடுகிற குறிப்புகள் இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. தாளுக்கு நடுவில் கோடு போட்ட பிள்ளை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் ஸ்கோர் குறைந்து வீட்டில் இருந்தால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது? ஒரு துறையில் கெட்டிக்காரராக இருப்பதும் அதைப் பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு விளங்க வைப்பதும் இரண்டு தொழில். அவர் பாட அலகுகளை முடித்தாரா? தம்பி அதைச் சொல்லவில்லை.

*

கொக்குவிலான்:

//அவர் பாட அலகுகளை முடித்தாரா?//

முடித்தார் ரீச்சர். வேகமாக இல்லை, ஆனால் முடித்தார். ஒரு உதாரணம் சொல்கிறேன். வெளிநாட்டுக் கொள்கையில் 1952 இறப்பர் அரிசி ஒப்பந்தம் வருகிறது. ரியூசனில் எங்களுக்கு அது ஒரு வரி: டட்லி சேனநாயக்க ஆட்சி, சீனாவுடன், ஐந்து வருசம். சேர் கரும்பலகையில் இரண்டு எண்களை மட்டும் எழுதினார். வருசத்துக்கு 270,000 தொன் அரிசி, 50,000 தொன் இறப்பர். பிறகு கேட்டார்: அரிசிக்குத் தட்டுப்பாடு, கொரியப் போரால் ஏறிய இறப்பர் விலை இறங்குகிறது, சீனாவுக்கு இறப்பர் விற்கக் கூடாது என்று அமெரிக்கா நெருக்குகிறது, ஆட்சியில் இருப்பதோ கம்யூனிசத்துக்கு எதிரான கட்சி. நீ அந்த அமைச்சில் ஒரு உதவிச் செயலாளர். அமைச்சருக்கு என்ன குறிப்பு எழுதுவாய்?

அப்புறம்தான் சொன்னார், அந்த ஒப்பந்தம் போட்டபோது இரண்டு நாட்டுக்கும் தூதரகமே இருக்கவில்லை, முறையான இராஜதந்திர உறவு வந்தது 1957இல் என்று. பக்கத்தில் இருந்தவன் "அப்ப யார் சேர் போய்ப் பேசினது?" என்று கேட்டான். வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் போன கதை அங்கே வந்தது. மனப்பாடம் செய்யாமலே அந்த அலகு மனதில் நின்றது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்திருந்தால் நான் மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

*

வெள்ளவத்தை வாசி:

நல்ல இழை. இராஜதந்திரிகள் கல்விப் பக்கம் வந்த கதைகள் சிலதைச் சேர்க்கிறேன்.

இந்தியாவின் கே. ஆர். நாராயணன் 1949இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தவர். லண்டனில் ஹரோல்ட் லாஸ்கியிடம் படித்தவர். சேவையில் இருக்கும்போதே டெல்லியில் பொருளியல் படிப்பித்தார். 1978இல் ஓய்வு பெற்று, அடுத்த வருசம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். திரும்ப 1980இல் அமெரிக்கத் தூதுவராகப் போனார். குடியரசுத் தலைவர் பதவி எல்லாம் பிறகு. வகுப்பறைக்கும் தூதரகத்துக்கும் நடுவே கதவு இரண்டு பக்கமும் திறக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல ஆதாரம்.

அமெரிக்காவின் ஜோர்ஜ் கெனனைப் பலரும் சொல்வார்கள். 1946 பெப்ரவரியில் மொஸ்கோவிலிருந்து 5,000 சொற்களுக்கு மேல் ஒரு தந்தி அனுப்பி, அமெரிக்காவின் போக்கையே மாற்றியவர். 1952இல் அங்கேயே தூதுவராகப் போய், பேர்லினில் நிருபர்களிடம் தன் மொஸ்கோ வாழ்க்கையை ஜேர்மனியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டுப் பேசியதால் சோவியத் அரசு திரும்ப உள்ளே விடவில்லை. பிறகு பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் பேராசிரியர். அங்கே வழக்கமான வகுப்பும் பரீட்சையும் கிடையாது, ஆய்வுதான். அதனால் அவரை ஆசிரியர் என்பதைவிட வரலாற்றாசிரியர் என்பதுதான் பொருத்தம். 101 வயசு வரை இருந்தார்.

நம் நாட்டில் ஜயந்த தனபால. 1995இல் நியூயோர்க்கில் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அந்த ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில்லாமல் காலவரையின்றி நீடிக்க வைத்தவர். அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் கலிபோர்னியாவில் மொன்டரேயில் மாணவர்களோடு இருந்தார். வேர்னன் மெண்டிஸ் சேவையின் முதல் அணியில் ஒருவர், பிற்காலத்தில் கொழும்பில் பண்டாரநாயக்க இராஜதந்திரப் பயிற்சி நிறுவனத்தில் இளம் அதிகாரிகளை உருவாக்கினார். யாழ்ப்பாணத்தவர் என்றால் யோகேந்திரா துரைசுவாமி. அரசாங்க சபைச் சபாநாயகராக இருந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் மகன். அவர் வகுப்புக்கு வரவில்லை, யாழ். அரசாங்க அதிபராக வந்தார்.

பார்த்தீர்களானால் பெரும்பாலும் எல்லோரும் பல்கலைக்கழகத்துக்கு அல்லது பயிற்சி நிறுவனத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளிடம் வந்தவர் அபூர்வம். கொக்குவிலான் சொல்லும் ஆளை அதற்காகவே மதிக்க வேண்டும்.

*

மயிலிட்டிக் கடல்:

நான் கடற்றொழில் குடும்பம். இந்த சேரிடம் என் தம்பி படித்தவன், அதனால் எழுதுகிறேன்.

இந்திய இழுவைப்படகுப் பிரச்சினையை வகுப்பில் எடுத்தாராம். தம்பி எழும்பி எங்கள் வலை அறுந்த கதையைச் சொல்லியிருக்கிறான். மயிலிட்டித் துறைமுகத்தில் பிடிபட்ட ரோலர்கள் கட்டிக் கிடப்பதைத் தினம் பார்க்கிறவன் அவன், கோபம் வரத்தான் செய்யும். சேர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கு நீ இராமேஸ்வரத்துச் சம்மாட்டி, படகுச் சொந்தக்காரர். அவர் பக்கத்தைச் சொல். அங்கே இருந்து ஒருவர் வந்து கேட்டால், ஓம், இதுதான் என் கதை என்று தலையாட்ட வேண்டும்" என்று அனுப்பியிருக்கிறார்.

தம்பி வீட்டுக்கு வந்து இரவிரவாகப் புறுபுறுத்தான். அப்பாவுக்கும் முதலில் பிடிக்கவில்லை. பிறகு அப்பாவே சொல்லிக்கொடுத்தார்: அங்கே ரோலருக்குக் கடன் பட்டிருப்பார்கள், ஓட்டுபவனுக்குப் படகு சொந்தமில்லை, அவர்கள் பக்கக் கடலில் மீன் குறைந்துவிட்டது, பாட்டன் காலத்தில் இரண்டு கரையும் ஒன்றாய்த் தொழில் செய்தது. அப்பா இவ்வளவும் தெரிந்து வைத்திருக்கிறார் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த வகுப்பில் 1974 கச்சதீவு ஒப்பந்தத்தையும் 1976இல் இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வைத்தாராம். முந்தையதில் இந்திய மீனவரும் யாத்திரிகரும் கச்சதீவுக்கு வந்துபோகலாம் என்று இருக்கிறது. பிந்தையதில் ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. இரண்டு கரையும் எதைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிறது என்று தம்பிக்கு விளங்கியது. இழுவைமடியை 2017இல் இங்கே சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், அதுவும் அவனுக்கு இப்போது ஆண்டோடு தெரியும்.

எங்கள் வலை அறுந்தது அறுந்ததுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் கூட்டங்களில் எங்கள் சங்கத்துக்காகக் கதைக்க இப்போது தம்பியைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

*

வட்டுக்கோட்டை ரீச்சர்:

மயிலிட்டித் தம்பி எழுதியதை வாசித்து நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவிடமிருந்து அந்தக் கதையை வெளியே கொண்டுவந்ததுதான் படிப்பித்தல். நான் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

*

கேணியடி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் படித்த ஒருவர் இந்த இழையை அனுப்பியிருந்தார். கொக்குவிலான் சொல்கிற ஆள் நான்தான். பெயர் இல்லாமலே இருக்கட்டும்.

தீவகத்தில் பிறந்தேன். தகப்பனார் தபாற்கந்தோரில் வேலை. தந்தி எழுத வருகிறவர்கள் நீட்டி நீட்டி எழுதிக்கொண்டு வருவார்கள். சொல்லுக்கு இவ்வளவு காசு என்பதால் ஐயா இருந்து சொற்களைக் குறைத்துக் கொடுப்பார். அம்மாவுக்குக் கடுமை, உடனே வா, என்பதற்கு மேல் என்ன வேண்டும்? எழுத்தில் எனக்கு முதல் குரு அவர்தான்.

பல்கலைக்கழகம் முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி, நேர்முகம் போய், சேவைக்குள் வந்தேன். இந்தச் சேவை 1949 ஒக்டோபரில் தொடங்கியது. அன்றிலிருந்தே சிறிய சேவை. மூன்றாம் செயலாளர் என்றால் ஊரில் பெரிதாக நினைப்பார்கள். வேலை என்னவென்றால் காலையில் அந்த நாட்டுப் பத்திரிகைகளை வாசித்துச் சுருக்கம் எழுதுவது, அமைச்சர் வந்தால் பெட்டி வந்து சேர்ந்ததா என்று விமான நிலையத்தில் நின்று பார்ப்பது, கொடி நேராகப் பறக்கிறதா என்று பார்ப்பது. பிறகு இரண்டாம், முதலாம் செயலாளர், ஆலோசகர் என்று ஏறுகிற படிகள். எல்லோரும் மேலே போய்ச் சேர்வதில்லை.

என் முதல் தூதுவர் பென்சிலோடு அறிக்கை வாசிப்பார். "மக்கள் மத்தியில் கடும் அதிருப்தி நிலவுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் ஓரத்தில் "யார் சொன்னது?" என்று எழுதித் திரும்பி வரும். சந்தையில் இரண்டு கடைக்காரர் சொன்னார்கள் என்றால், அப்படியே எழுது என்பார். 1961இன் வியன்னா உடன்படிக்கையில் 53 உறுப்புரைகள். மூன்றாவது உறுப்புரை தூதரகத்தின் வேலைகளைச் சொல்கிறது. நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வது, நலன்களைக் காப்பது, பேச்சு நடத்துவது, நட்பை வளர்ப்பது எல்லாம் பலரும் அறிந்தவை. அவற்றின் நடுவே, பட்டியலில் நாலாவதாக, ஒன்று இருக்கிறது: அந்த நாட்டில் நடப்பதைச் சட்டபூர்வமான வழிகளில் அறிந்து தன் அரசுக்கு அறிக்கையிடுவது. என் வேலை வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த நாலாவதில் போனது. வகுப்பில் போடச் சொல்கிற கோடு அங்கேயிருந்து வந்தது.

ஆனால் என்னை ஆக்கியது கொன்சியூலர் மேசை, அந்த நாட்டில் இருக்கிற நம் ஆட்களின் காரியங்களைப் பார்க்கிற இடம். வளைகுடாப் பக்கத்தில் ஒரு தூதரகம். வேலைக்கு வந்த பெண்கள் வீட்டை விட்டு ஓடி வந்து வாசலில் நிற்பார்கள், கடவுச்சீட்டு எசமானிடம் இருக்கும். அவர்களுக்குத் தற்காலிகப் பயணப் பத்திரம் எடுத்து அனுப்புவது ஒரு பாடு. இறந்து போனவர்களை அனுப்புவது இன்னொரு பாடு.

ஒரு பெயரைப் பற்றிச் சொல்கிறேன். கடவுச்சீட்டில் சிவகுமாரன். வேலை ஒப்பந்தத்தில் சிவகுமார். அந்த நாட்டு அடையாள அட்டையில் அரபியில் எழுதியதைத் திரும்ப ஆங்கிலத்தில் போட்டபோது மூன்றாவது ஒரு எழுத்துக்கூட்டல். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். அங்கே அதையே அவருடைய பெயராக எடுத்துவிடுவார்கள். மரணச் சான்றிதழ் ஒரு பெயரில், பொலிஸ் கடிதம் ஒரு பெயரில். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க, அதை அங்குள்ள அமைச்சு ஏற்க, பிறகுதான் பிரேதத்தைப் பதப்படுத்தியதற்கான சான்றிதழ், பிறகுதான் விமானம். அதுவரைக்கும் பிரேதம் குளிரறையில். ஊரில் பந்தலும் போட்டுவிட்டு எப்போது வரும் என்று தொலைபேசியில் கேட்பார்கள். மனைவி கேட்பார், பிறகு தகப்பன் கேட்பார், பிறகு கிராம சேவகர் கேட்பார். என் வகுப்பில் முதல் நாள் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி மூன்று மொழியிலும் எழுதச் சொல்வேன். பிள்ளைகள் அலுத்துக்கொள்வார்கள். அதைத் திருத்தாமல் நான் பாடம் தொடங்குவதில்லை.

ரீச்சர் சொன்னது முழு உண்மை, படிப்பிப்பது வேறு தொழில். தூதரகத்தில் நான் எதிரே இருப்பவரைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அவர் பேசுவார். வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுக்கு விடை வேண்டும், எழுதிக்கொள்ள வேண்டும். அயலில் ஒரு அனுபவமுள்ள ஆசிரியையின் வகுப்பில் பின்வாங்கிலில் இருந்து பார்த்துத்தான் ஒரு பாடவேளையை எப்படிப் பகிர்வது என்று பழகினேன். புள்ளித்திட்டத்தையும் எடுத்து வாசித்தேன். பத்து நிமிசம் குறிப்பு, அது அவர்களுக்குப் பரீட்சைக்கு. மிச்சம் எழுத்து.

*

முறிகண்டி:

ஐயா, நேராகக் கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் சேவையில் இருந்த காலத்தில் எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். 2009இல் நான் சின்னப்பிள்ளை, முகாமில் இருந்தேன். அந்த நேரத்தில் ஒரு தமிழர் வெளிநாட்டில் இருந்துகொண்டு அரசுக்காக எப்படிப் பேச முடிந்தது? இதைப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதுக்குப் பதில் இல்லாமல் மிச்சம் எல்லாம் எனக்குக் காதில் ஏறவில்லை.

*

கேணியடி:

கேட்க வேண்டிய கேள்வி. வகுப்பிலும் கேட்டார்கள். அங்கே சொன்னதையே சொல்கிறேன்.

இந்தத் தொழிலில் சொந்தக் கருத்துக்கு வெளியில் இடமில்லை. தலைநகரிலிருந்து வரும் அறிக்கையை வாசிக்க வேண்டும். உள்ளே, எழுத்தில், மாற்றுக் கருத்தைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலக வேண்டும். இந்த மூன்றுக்கு வெளியே நாலாவது வழி இல்லை. விலகியவர்களையும் தெரியும், அவர்களை மதிக்கிறேன். நான் உள்ளே எழுதினேன், விலகவில்லை. அந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த தாய்மார் தமிழில் அழுதார்கள். காணாமல் போன மகனுடைய பெயரைச் சரியாகக் கேட்டு எழுத அங்கே ஒருவர் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக இருந்தேன். வாசித்த அறிக்கைகளும் என்னோடுதான் இருக்கின்றன. இது போதுமான பதில் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். முகாமில் இருந்தவர் நீங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சேவைக்குப் போவது ஒரு முடிவு, போகாமல் விடுவதும் ஒரு முடிவு. இரண்டையும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

*

முறிகண்டி:

நேராகச் சொன்னதுக்கு நன்றி ஐயா. உடன்பாடு இல்லை. ஆனால் சுத்திவளைக்காமல் சொன்னீர்கள். தொடர்ந்து வாசிக்கிறேன்.

*

வெள்ளவத்தை வாசி:

முறிகண்டி கேட்டது முக்கியமான கேள்வி, ஐயா சொன்ன விதமும் எனக்குப் பிடித்தது. இந்த இழையில் இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் திரிக்காமல் கதைத்திருக்கிறார்கள். இணையத்தில் இதை அதிகம் காண முடிவதில்லை.

*

சாவகச்சேரிப் பிள்ளை:

வணக்கம் சேர். நான் உயர்தரம் கலைப்பிரிவு. வீட்டில் ஆசிரியர் வேலை அல்லது வங்கி என்கிறார்கள். வெளிநாட்டுச் சேவை என்று சொன்னேன், பெண்பிள்ளை தனிய நாடு நாடாகப் போய் என்ன செய்வாய் என்று அம்மம்மா பேசுகிறார். பரீட்சைக்கு இப்போதே என்ன படிக்க வேண்டும்? ரியூசன் இருக்கிறதா?

*

கேணியடி:

பிள்ளை, முதலில் அம்மம்மாவுக்கு ஒரு கதை சொல்லுங்கள். மானெல் அபேசேகர என்று ஒருவர், எங்கள் சேவையின் முதல் பெண் அதிகாரி. 1982இல் அவர் தாய்லாந்தில் தூதுவராக இருந்தபோது, இலங்கையர் ஒருவர் இத்தாலிய விமானம் ஒன்றைக் கடத்தி பாங்கொக்கில் இறக்கினார். பயணிகள் உயிரோடு வெளியே வந்த அந்தப் பேச்சுவார்த்தையில் அவருடைய பங்கு பெரியது. பெண்பிள்ளை தனியப் போய் என்ன செய்யலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பரீட்சைக்குப் பட்டம் வேண்டும், ஆகவே உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது தகைமையையும் வயது எல்லையையும் அதிலேயே பாருங்கள், யாரும் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். சேவைக்கு எடுக்கிற ஆட்களின் தொகை சிறியது. அதனால் அதை மட்டும் நம்பி வேறு கதவுகளை அடைக்கவும் வேண்டாம்.

இப்போது செய்யக்கூடியது, தினம் ஒரே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் வாசியுங்கள். முடிந்தால் சிங்களத்திலும். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், மீனவர் கைது, எதுவாகவும் இருக்கட்டும். இரண்டிலும் வந்தது எது, ஒன்றில் மட்டும் வந்தது எது, யார் பெயரோடு சொன்னார்கள், யார் பெயரில்லாமல் சொன்னார்கள் என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் கருத்து கடைசி இரண்டு வரியில் வந்தால் போதும். சிங்களத்தைப் பேசப் பழகுங்கள், அமைச்சில் அது தேவைப்படும். இவற்றுக்கு மேல் ஒரு வெளிநாட்டு மொழியைப் பிறகு அமைச்சிலேயே படிப்பிப்பார்கள்.

*

மயிலிட்டிக் கடல்:

சேர், ஒரு சந்தேகம். எங்கள் பெடியள் தவறி அந்தப் பக்கம் போய்ப் பிடிபட்டால் அங்கே சிறையில் யார் போய்ப் பார்ப்பது? இங்கே பிடிபடுகிற இந்திய மீனவரை யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத்தூதரகத்து ஆட்கள் போய்ப் பார்க்கிறதைக் கண்டிருக்கிறோம்.

*

கேணியடி:

சென்னையில் இருக்கும் இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயம். 1963இன் கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை, 36ஆம் உறுப்புரை. பிடிபட்டவருக்குத் தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை உண்டு, அதைத் தாமதமில்லாமல் அறிவிக்க வேண்டும், கொன்சியூலர் அதிகாரி போய்ப் பார்க்கலாம், சட்டத்தரணி ஒழுங்கு செய்யலாம். இந்த உரிமையைப் பிடிபட்டவருக்கு அவர்களே சொல்லவும் வேண்டும். பலருக்கு இது தெரியாததால் கேட்பதில்லை. கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் அடையாள அட்டையின் பிரதி ஒன்றை நனையாமல் வைத்திருந்தால், வீட்டிலும் படகின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தால், அந்த அதிகாரியின் வேலை பாதி முடிந்தமாதிரி.

*

வட்டுக்கோட்டை ரீச்சர்:

ஐயா, இந்தக் கடைசிப் பதிலைச் சங்கக் கட்டடத்தில் ஒட்ட வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எங்கள் வலயத்தில் அரசறிவியல் படிப்பிக்கிற இளம் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதல் அவர்களுக்கு இந்தக் கோடு போடுகிற பயிற்சியை ஒருக்கால் செய்துகாட்ட முடியுமா? நீங்கள் ஒருவர் எத்தனை கல்லூரிக்குப் போவீர்கள்? அவர்கள் பழகினால் பாட அலகுக்குள்ளேயே வைத்துச் செய்வார்கள். எந்த அலகில் எது பொருந்தும் என்று நான் இருந்து பிரித்துத் தருகிறேன்.

*

கேணியடி:

சந்தோஷமாக வருகிறேன் ரீச்சர். சனிக்கிழமை காலை எனக்கு வசதி. 1974 ஒப்பந்தமும் 1976 கடிதமும் ஆளுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தால் நல்லது. மயிலிட்டித் தம்பி, உங்கள் அப்பா வருவாரா? அவர் பேச வேண்டியதில்லை, ஆசிரியர்கள் கேட்பதற்குச் சொன்னால் போதும்.

*

மயிலிட்டிக் கடல்:

கேட்டேன் சேர். காலையில் கரைக்கு வந்து மீன் கொடுத்துவிட்டு வருவாராம், பத்து மணிக்குப் பிறகு என்றால் சரி.